வராதவர் செய்தி

"லூயிசா வரவில்லை. காய்ச்சல்," என்றது பெட்டி.

லூயிசாவை அடக்கம் செய்து அன்றைக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஏழாம் நாள் பூசையும் முடிந்து, பிரகாசம் வாத்தியார் அன்றுதான் வகுப்புக்குத் திரும்பியிருந்தார். அவள் அவருடைய ஒரே மகள். அவரிடமே நாலாம் வகுப்பில் படித்தவள்.

காலையில் பெயர் கூப்பிடும்போது பதினாறாம் எண்ணிலிருந்து பதினெட்டுக்குப் போய்விட்டார். பிள்ளைகளும் ஒன்றும் சொல்லவில்லை. பதினேழைத் தாண்டியாகிவிட்டது, இனி மத்தியானம் வரைக்கும் பயமில்லை என்று நினைத்துக்கொண்டார். பெட்டியை மறந்துபோனார்.

அது ஒரு தேயிலைப் பெட்டி. கச்சேரி ரோடு மளிகைக் கடையிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலையில் வைத்துக் கொண்டுவந்தது. மெரினாவில் மாநகராட்சி ஒலிபெருக்கியில் பாட்டும் செய்தியும் கேட்டுவிட்டு வந்த பிள்ளைகள், நம் பள்ளிக்கூடத்துக்கும் ரேடியோ வேண்டும் என்று அரித்தெடுத்தார்கள். உலக யுத்தம் நடக்கிற காலத்தில் ரேடியோவுக்கு எங்கே போவது? சாந்தோம் கோயில் பள்ளிக்கூடத்தில் சாக்குக்கட்டிக்கே பஞ்சம். வாத்தியாருக்கு வேறொரு கவலையும் இருந்தது. குப்பத்துப் பிள்ளைகள் கடற்கரையில் ஊரைக் கூட்டுகிற தொண்டையை வைத்துக்கொண்டு, வகுப்பில் எழுந்து நின்று படி என்றால் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார்கள். முகத்தை மறைத்தால் குரல் வருமோ என்று தோன்றியது. பெட்டியின் முன்பக்கத்தை அறுத்து, மனைவி ஃப்ளோராவின் பழைய சேலைத் துணியை இழுத்து ஆணி அடித்தார். பாலிஷ் டப்பா மூடிகள் இரண்டைக் குமிழாக வைத்தார். பின்பக்கமாக ஒரு பிள்ளை நுழைந்து உட்கார்ந்து, மண்ணெண்ணெய்ப் புனலை வாயில் வைத்துப் பேச வேண்டும்.

குரல் வந்தது. வெளியே "இன்னா சார்", "தெர்லே சார்" என்று நெளிகிற பிள்ளை, உள்ளே போனதும் "வணக்கம், நாலாம் வகுப்பு நிலையம்" என்று திருத்தமாகச் சொன்னது. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம். முதலில் வராதவர் செய்தி. அடுத்தது கடல் செய்தி. அப்புறம் ஒரு கதையோ பாட்டோ.

வராதவர் செய்தி லூயிசாவினுடையது. அதை ஏற்படுத்தியவளே அவள்தான். இன்று யார் வரவில்லை, ஏன் வரவில்லை. இனாயத்துக்கு மாமா கல்யாணம். சவரி அப்பாவோடு கட்டுமரத்தில் போயிருக்கிறான். காலையில் பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியிலேயே வீடு வீடாக விசாரித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வருவாள். அதற்கு அவள் சட்டம் போட்டிருந்தாள். காரணத்தை வீட்டு ஆள்தான் சொல்ல வேண்டும். தெருவில் கேட்டது, தானே பார்த்தது எதுவும் செல்லாது. ஒரே காரணம் ரொம்ப நாள் ஓடினால் வீட்டுக்குப் போய் மறுபடியும் கேட்க வேண்டும். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் வந்த நாளில் மணி அடிக்க வேண்டும்.

அந்த மணியும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. வாத்தியாருடைய பழைய சைக்கிள் மணி. கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஒரு நாளும் அடித்ததில்லை. கடலுக்குப் போகிறவன் எவனாவது ஒருவன் இருந்துகொண்டே இருந்தான். ஒரு முறை சவரியின் அம்மாவிடம் போய், "ஒரே ஒரு நாளு அவன கடலுக்கு அனுப்பாதீங்கம்மா, மணி அடிக்கணும்" என்று கேட்டாள். "மணி அடிச்சா மீன் வருமாடி என் கண்ணு?" என்று அவள் கன்னத்தைக் கிள்ளி அனுப்பினாள் அந்த அம்மா.

அக்டோபரில் பெரிய மழை பெய்து கூவம் ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்கு வீடு காய்ச்சல். லூயிசாவுக்கு டைபாயிட் என்றார் டாக்டர். இருபத்தோரு நாள் பார்க்க வேண்டும் என்றார். அந்த நாட்களில் பெட்டிக்குள் போனவள் தங்கபுஷ்பம். லூயிசாவின் பக்கத்தில் உட்காருகிறவள், மீன்காரி மகள். வகுப்பில் ஒரு வார்த்தை கேட்டால் கண்ணில் தண்ணீர் விடுகிற பெண். "லூயிசாவுக்கு எப்டி சார் கீது?" என்று முதல் நாள் கேட்டாள். "காய்ச்சல்மா," என்றார் வாத்தியார். வீட்டு ஆள் சொன்ன காரணம். எழுதிக்கொண்டாள்.

பத்தொன்பதாம் நாள் விடியற்காலையில் லூயிசா போய்விட்டாள். தங்கபுஷ்பம் மற்ற பிள்ளைகளோடு கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்து வந்தாள். குழிக்குள் ஒரு பிடி மண் போட்டாள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் பெட்டிக்குள் போய், "லூயிசா வரவில்லை. காய்ச்சல்," என்றாள். பெயர் பதிவேட்டில் இருக்கிறது. ஆள் வரவில்லை. வீட்டிலிருந்து வேறு காரணம் யாரும் சொல்லவில்லை. வாத்தியார் இல்லாத நாட்களில் வகுப்பைப் பார்த்துக்கொண்ட ஹெட்மாஸ்டர் வில்லியம் அந்தப் பத்து நிமிஷம் எப்போதும் மூக்குப்பொடி போட வெளியே போய்விடுவார். ஆகவே அவர் காதில் விழவில்லை.

பெரியவர்களில் பிரகாசம் வாத்தியார் காதில்தான், அந்த ஒன்பதாம் நாள், முதலில் விழுந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிறுத்து என்று சொல்லலாம். சொல்லவில்லை. பெட்டி கடல் செய்திக்குப் போனது.

அன்று சாயங்காலம் ஃப்ளோரா வாசலில் உட்கார்ந்து கிழங்கான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும் லூயிசா, பையைக்கூட இறக்காமல் எதிரில் குந்திக்கொண்டு, பெட்டி சொன்னதையெல்லாம் மறுபடி ஒரு தரம் அம்மாவுக்குச் சொல்லுவாள். அடக்கத்துக்குப் பிறகு வாயே திறக்காமல் இருந்த ஃப்ளோரா, அன்று தலை நிமிராமல் கேட்டாள்.

"இன்னிக்கு ரேடியோல இன்னா?"

வாத்தியார் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வாடைக் காத்தாம். வலை சரியா விழலியாம்."

"வராதவங்க?"

"நாலு பேரு."

"யாரு யாரு?"

மூன்று பெயரைச் சொன்னார்.

"நாலாவது?"

"லூயிசா."

அரிவாள்மணையில் ஒரு மீன் தலை அறுந்து விழுந்தது. "இன்னா காரணம் சொன்னா அந்தப் பொண்ணு?"

"காய்ச்சல்னு சொன்னா."

"ம்," என்றாள் ஃப்ளோரா. அடுத்த மீனை எடுத்தாள்.

அதன் பிறகு தினமும் அப்படியே ஆயிற்று. அவள் கேட்பாள், அவர் சொல்லுவார். வேறு பேச்சு அந்த வீட்டில் இல்லை. குழம்பு இருந்தது, சோறு இருந்தது, உப்பு சரியாகவே இருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அழுகை எங்கேயோ நின்றுபோயிருந்தது. நின்றதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் போனபின் ஒரு நாள் காலையில், உள்ளறைக் கட்டிலின் பக்கத்தில் ஒரு டம்ளரைப் பார்த்தார். தட்டால் மூடியிருந்தது. உள்ளே நொய்க்கஞ்சி, இன்னும் சூடு இருந்தது. காய்ச்சல் நாட்களில் லூயிசாவுக்கு வைத்த அதே டம்ளர். ஃப்ளோரா பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கேட்கலாம் என்று இரண்டடி வைத்தார். கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியவில்லை. சாயங்காலம் டம்ளர் அங்கேயே இருந்தது, ஆறி, ஆடை கட்டி. எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடி வாழையில் ஊற்றினார். ரேஷன் அரிசி. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் காலை மறுபடியும் கஞ்சி இருந்தது.

பெட்டி காய்ச்சல் என்று சொல்கிறவரைக்கும் கஞ்சி வரும் என்று அவருக்குப் புரிந்தது. பெட்டியை மாற்றிச் சொல்லவைக்க அவர் ஒருவரால்தான் முடியும் என்றும் புரிந்தது. அந்த வார்த்தையைச் சொல்ல வாய் திறந்தால், அதைச் சொன்ன வாயோடு வீட்டுக்குப் போய் ஃப்ளோராவின் எதிரில் உட்கார வேண்டும். காலையில் கஞ்சி, மத்தியானம் காய்ச்சல், சாயங்காலம் வாழை என்று டிசம்பர் போனது.

கிறிஸ்துமஸ் வந்தது. துக்க வீட்டில் பலகாரம் செய்வதில்லை. தெருவிலிருந்து தட்டுத் தட்டாகக் கல்கலும் முறுக்கும் வந்தன. ஃப்ளோரா தட்டுகளைக் கழுவி, வெறுந்தட்டாகத் திருப்பக் கூடாது என்று ஆளுக்கொரு பிடி சர்க்கரை போட்டுத் திருப்பி அனுப்பினாள். பலகாரம் டப்பாவிலேயே நமுத்தது.

ஜனவரி முதல் வாரம் ஹெட்மாஸ்டர் வில்லியம் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் பதிவேடு திறந்திருந்தது.

"உட்காரும் பிரகாசம். நான் இத்தனை நாள் வாயைத் திறக்கலை. உமக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"பதினேழாம் நம்பர். நவம்பர் பூரா வட்டம், டிசம்பர் பூரா வட்டம். இப்ப புது மாசத்துக்கும் உம்ம கையாலேயே பேரை எழுதி வெச்சிருக்கீர்."

"ஆமா சார்."

"இருபதாம் தேதி இன்ஸ்பெக்டர் வரார். ரிஜிஸ்டரைப் பாக்கத்தான் வரார்னு நினைக்காதீர். உம்ம பெட்டியைப் பாக்க வரார். மத்த பள்ளிக்கூடத்துலயும் இந்த மாதிரி வைக்கலாமான்னு யோசனையாம். அவர் முன்னால அந்தப் பொண்ணு என்ன சொல்லும்?"

வாத்தியார் பதிவேட்டின் மடங்கிய மூலையை நீவிவிட்டார்.

"நேத்துதான் நான் நின்னு கேட்டேன். பொடி டப்பாவை மறந்துட்டு உள்ள வந்தேன். கேட்டதும் எனக்கு..." வில்லியம் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "நான் வேணா அடிச்சிடறேன் பிரகாசம். சிவப்பு மையில ஒரு கோடு. உமக்கு வேணாம் அந்த வேலை."

"நானே செய்யறேன் சார்."

"பெட்டி?"

"அதையும் சொல்லிடறேன்."

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் தங்கபுஷ்பத்தை நிறுத்தினார். மற்ற பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். வெளியே வானம் மூட்டமாக இருந்தது.

"தங்கபுஷ்பம், வராதவர் செய்தியில ஒண்ணு மாத்தணும்."

அவள் உடனே பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டாள். "சொல்லுங்க சார். யாரோடது?"

"லூயிசாவோடது."

"சரி சார். வூட்லேர்ந்து இன்னா காரணம்?"

பென்சில் தாளின்மேல் நின்றது. அவர் அந்த முனையையே பார்த்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு," என்றார். "நீ வீட்டுக்குப் போ."

அவள் பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். அங்கே நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. பத்து மணி இருக்கும். ஃப்ளோரா பின்கட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் கூடத்தில் கோணல் எழுத்துக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். தங்கபுஷ்பம் நின்றாள். தலையில் எண்ணெய் வழிய வாரி, ஞாயிற்றுக்கிழமைப் பாவாடை கட்டியிருந்தாள். கையில் குறிப்பேடு.

"இன்னாம்மா?" என்றார் வாத்தியார்.

அவள் அவரைப் பார்க்காமல் உள்பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "வாத்தியாரம்மா, வராதவர் செய்திலேர்ந்து வந்துக்கிறேன்."

இறால் உரிக்கிற சத்தம் நின்றது. "இங்க வா," என்றாள் ஃப்ளோரா.

தங்கபுஷ்பம் கூடத்தைக் கடந்து போனாள். வாத்தியார் எழுந்தார், நிலைப்படிக்கு மேல் போக முடியவில்லை. அங்கேயே நின்றார்.

"உங்க அம்மா இன்னிக்கு மார்க்கெட் போகலியா?"

"போய்க்கிது வாத்தியாரம்மா. இறாலு எங்க அம்மாகிட்ட வாங்கினதா?"

"ஆமா. பொடி இறாலைத் தலையில கட்டிட்டா உங்கம்மா."

"அது எல்லாருக்கும் அப்டித்தான் குடுக்கும்," என்றாள் தங்கபுஷ்பம். பிறகு நிமிர்ந்து நின்றுகொண்டாள். "வாத்தியாரம்மா, லூயிசாவுக்குக் காய்ச்சல் எப்டி கீது?"

ஃப்ளோரா கையிலிருந்த இறாலைச் சட்டியில் போட்டாள். அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ கல்லறைக்கு வந்தே இல்ல?"

"வந்தேன்."

"பாத்தே இல்ல?"

"பாத்தேன். மண்ணு போட்டேன்."

"அப்புறம் எதுக்குடி தெனம் காய்ச்சல்னு சொல்லிக்கினு கீறே?"

தங்கபுஷ்பத்துக்கு உதடு துடித்தது. ஆனாலும் பதில் வந்தது. "வூட்லேர்ந்து யாரும் சொல்லலியே. நானா பாத்தத சொல்லக் கூடாதாம். வூட்டு ஆளு சொன்னாத்தான் சேதியாம். லூயிசாதான் சொல்லிக் குடுத்தா. மாத்திச் சொன்னா பெட்டிய வுட்டு எறக்கிடுவேன்னு சொல்லிக்கிறா."

"எறக்கிடுவாளா?"

"ஆமா. ஒரே காரணம் ரொம்ப நாளு ஓடுச்சின்னா வூட்டுக்குப் போயி கேக்கணும்னும் சொன்னா. நான் அப்பவே வந்துருக்கணும். பயமா இருந்துச்சி."

"சாரு சொல்லலியா உனக்கு?"

"சாரு மழ வருதுன்ட்டாரு."

ஃப்ளோரா தலையைத் திருப்பி நிலைப்படியில் நின்ற புருஷனைப் பார்த்தாள். நவம்பருக்குப் பிறகு அவள் அவர் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். கோபம் ஒன்றும் இல்லை. இருட்டிலிருந்து வெளியே வந்தவள் எதிரில் இருப்பது யார் என்று பார்க்கிற மாதிரி பார்த்தாள். வாழைக்கு யார் கஞ்சி ஊற்றினார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"எழுதிக்க," என்றாள் தங்கபுஷ்பத்திடம்.

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

"லூயிசா இனிமே வரமாட்டா."

"லூயிசா, இனிமேல், வர மாட்டாள்," என்று எழுதினாள் தங்கபுஷ்பம். "காரணம்?"

ஃப்ளோரா இரண்டு கையையும் தண்ணீரில் அலம்பி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நேரம் எடுத்துத் துடைத்தாள்.

"செத்துப் போயிட்டா."

"காலமானார்னு எழுதட்டுமா? மெரினா ரேடியோல அப்டித்தான் சொல்வாங்க."

"அதெல்லாம் பெரியவங்களுக்கு. அவ ஒம்பது வயசுப் பொண்ணு. செத்துப் போனாள்னே எழுது."

"எந்தத் தேதி?"

"நவம்பர் பதினேழு. வெடியக்காலம் நாலு மணி." அந்தப் பெண் எழுதி முடிக்கிறவரைக்கும் காத்திருந்துவிட்டுக் கேட்டாள், "எழுதிட்டியா? படி."

தங்கபுஷ்பம் படித்தாள். பெட்டிக்குள் இருக்கிற குரலிலேயே படித்தாள். ஃப்ளோரா தலையசைத்தாள். பிறகு எழுந்து உள்ளறைக்குப் போய், கட்டில் பக்கத்திலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"காலைல இன்னா துன்னே?"

"ஒண்ணும் இல்ல."

"இந்தக் கஞ்சியக் குடி. சூடாத்தான் கீது. ஊறுகா வெச்சிக்கிறியா?"

"இறாலு வறுப்பீங்களா?"

"வறுக்கறேன். இரு."

தங்கபுஷ்பம் கஞ்சியைக் குடித்தாள். அடியில் ஒட்டியிருந்த நொய்யை விரலால் வழித்து நக்கினாள். பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு கிண்ணம் இறால் வறுவலையும் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டுப் புறப்பட்டாள். வாசலில் வாத்தியாரைத் தாண்டும்போது, "போய்ட்டு வரேன் சார்," என்றாள்.

திங்கட்கிழமை மத்தியானம் பெட்டி சொன்னது. "இன்று வராதவர் ஐந்து பேர். இனாயத், தங்கைக்குத் துணை. சவரி, கடல். ஹமீதுன்னிசா, கண் வலி. ஆரோக்கியம், காரணம் தெரியவில்லை. லூயிசா இனிமேல் வர மாட்டாள். நவம்பர் மாதம் பதினேழாம் தேதி விடியற்காலை நாலு மணிக்குச் செத்துப் போனாள். வீட்டிலிருந்து சொன்னார்கள்."

ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சியது. புனலுக்குள் தங்கபுஷ்பத்தின் மூச்சு கேட்டது. வாத்தியார் பதிவேட்டைத் திறந்து, பதினேழாம் பெயரின்மேல் சிவப்பு மையில் கோடு போட்டார். அடிக்கோலை வைத்துத்தான் போட்டார். கோடு நேராக வந்தது.

"அடுத்தது கடல் செய்தி," என்றது பெட்டி. வழக்கமாக அதைச் சொல்கிற சவரி கடலில் இருந்ததால் அதையும் தங்கபுஷ்பமே சொன்னாள்.

மறுநாள் காலையில் கட்டில் பக்கத்தில் டம்ளர் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அவர் உள்ளறையை எட்டிப் பார்ப்பது மட்டும் ரொம்ப நாள் நிற்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். பெட்டி முன்னால் நாற்காலி போட்டுக் கேட்டார். குமிழைத் திருகிப் பார்த்துச் சிரித்தார். பிள்ளைகளின் உச்சரிப்பு தெளிவாக இருக்கிறது என்று பார்வையாளர் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. முந்தின நாளிலிருந்தே காற்று ஒரு மாதிரியாக இருந்தது. கடல் கரையேறிக் கட்டுமரங்களை நனைத்தது. ஒருவரும் போகவில்லை. குப்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஈரத் தலையோடு வந்துவிட்டார்கள். பெயர் கூப்பிட்டு வந்தபோது வாத்தியாருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. இனாயத் இருந்தான். ஹமீதுன்னிசா இருந்தாள். சவரி கடைசி வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டுப் பெயருக்கும் சாய்கோடு விழுந்தது.

மத்தியானம் பெட்டிக்குள் போனவள் வணக்கம் சொன்னாள். அதோடு நின்றாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் எண்ணியிருந்தார்கள்.

"இன்று வராதவர்," என்றது பெட்டி. மறுபடியும் நின்றது. பிறகு புனல் இல்லாமல், வெறுங்குரலில் கேட்டது, "சார், அடிக்கட்டுமா?"

"அதுதானே சட்டம்," என்றார் வாத்தியார். "அடி."

"இன்று வராதவர் யாரும் இல்லை. எல்லாரும் வந்திருக்கிறார்கள்."

மணி துருப்பிடித்திருந்தது. முதல் தரம் கரகரவென்றுதான் வந்தது. அடுத்த இரண்டும் சரியாக விழுந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். சவரி பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினான். அவனை இறக்கிவிட வேண்டும் என்று வாத்தியாருக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் ஃப்ளோரா வாசலில் நெத்திலிக் கருவாட்டில் மண் புடைத்துக்கொண்டிருந்தாள். புது மீன் அன்று கிடைக்கவில்லை.

"இன்னிக்கு ரேடியோல இன்னா?"

"கடல்ல சீற்றம். ஒருத்தரும் போகலியாம்."

"அது எனக்கே தெரியும். அப்புறம்?"

வாத்தியார் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்க."

முறம் நின்றது.

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"மணி அடிச்சாளா?"

"அடிச்சா."

"எத்தினி வாட்டி?"

"மூணு."

"மூணுதான் சொல்லி வெச்சிருந்தா," என்றாள் ஃப்ளோரா. கருவாட்டை மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.